முப்பத்தெட்டுக் குண்டுகள்

புல்லட் யாருடைய வண்டி என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஒன்று போலீஸ் வண்டி. இல்லாவிட்டால் மிராசு வண்டி. ரைஸ்மில்காரர், சாராயக் குத்தகை எடுத்தவர், கட்சியில் பெரிய தலை, எல்லாரும் மிராசுக்குள் அடக்கம். மூன்றாவதாக ஓர் ஆள் அதன்மேல் ஏறி உட்காருவான் என்று ஊர் எதிர்பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. இந்திய ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்று அரசாங்கம் வாங்கியதை ஒட்டித்தான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உண்டாயிற்று. திருவொற்றியூரில் வேலை தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பிறகு பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 1967இல் ரெட்டிச் ஆலையை மூடிவிட்டார்கள். 1977இல் நம் ஆட்கள் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. வெள்ளைக்காரன் விட்டும் நாம் விடாமல் வைத்திருக்கிற சாமான்கள் பல, அதில் இதுவும் ஒன்று. எப்படியானாலும் அதன் பிறப்பிலேயே காக்கி இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் சேரியில் யாருக்கும் 'ஆகா, புல்லட்' என்று தோன்றாது. ஓடத்தான் தோன்றும்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று புகார் பதிவானது. மூன்று பேர் கைதானார்கள். மதுரை அரசு மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. படித்தவர்கள் மறந்திருக்கலாம். எங்கள் வீட்டில் மறக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரு புல்லட் நிற்கிறது. அக்கா மகனுக்கு வயது இருபது. அவனும் கல்லூரியில் படிக்கிறான்.

செய்தி வந்த வாரமே அக்கா சொல்லிவிட்டாள். "அந்த எழவெடுத்த வண்டிய வித்துத் தொலைங்க. சென்னைலேர்ந்து வந்து கேக்கறான் இல்ல, குடுத்துட்டுப் போங்க." கேட்கிறார்கள் என்பது உண்மை. இப்போது பழைய புல்லட்டுக்கு ஒரு மோகம் வந்திருக்கிறது. 1979ஆம் வருசத்து வண்டி, வலது கால் கியர், இடது கால் பிரேக், வார்ப்பிரும்பு எஞ்சின் என்றால் ஐ.டி. கம்பெனிப் பையன்கள் காரில் வந்து பார்க்கிறார்கள். 'விண்டேஜ்' என்கிறார்கள். அப்பா அந்தச் சொல்லை ஏதோ பார்ட்ஸ் பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

அப்பா வேறு ஒன்று சொன்னார். "விக்கறதா வெச்சிகினு இருக்கறதா அப்புறம் பேசலாம். இப்ப அதுக்கு கோன்செட்டு போயிருக்குது. கழுத்து திரும்ப மாட்டேங்குது. இத எடுத்துகினு போயி எவனாவது தொரத்தினா புள்ள எப்படி வளைப்பான்?"

பிறகு நடந்தது எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டித்தான்.

அந்த வண்டி எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா பதிமூன்று வயதில் திண்டிவனத்தில் ஒரு பாய் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தவர். அவர் தம்ளரில் டீ குடித்த முதல் இடம் அந்தப் பட்டறைதான் என்பார். எங்கள் ஊர்க் கடையில் அப்போது தேங்காய்ச் சிரட்டை. 1996இல் போலீஸ் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விட்டார்கள். அப்பா 6,200 ரூபாய்க்கு ஒன்றை எடுத்தார். எடுத்த அன்றைக்கே ஓட்டிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்திருக்கிறார். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தத் தட் தட் சத்தம் ஏரிக்கரையில் கேட்டதுமே தெருவில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் கூலித் தகராறில் ஐந்து பேரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆயா வாசலில் நின்று, "ஐயா, ஊட்ல யாரும் இல்லீங்க" என்று வண்டியைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறது. பெத்த பிள்ளையைப் பார்த்து! தோப்பிலிருந்து ஆட்கள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்த பிறகு அந்த ராத்திரி முழுக்க ஒவ்வொருத்தராக அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதே வண்டிதான் பிறகு எங்கள் பக்கத்தில் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடப் போனது. பிணம் விழுந்த ஊருக்கு உண்மை அறியப் போனது. பசை வாளியும் போஸ்டர் கட்டும் பின்னால் கட்டிக்கொண்டு போனது. இரண்டு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது. நான் எம்.ஏ. சேர்ந்தபோது ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டதும் அதுதான். இப்போது நான் ஓட்டுகிறேன். பொம்பளை புல்லட் ஓட்டுவதைப் பார்த்து வருகிற பேச்சைத் தனிக்கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். இங்கே வேண்டாம்.

இனி கோன்செட் விசயம். நிறையப் பேருக்கு வண்டி ஓட்டத் தெரியும், கழுத்து எப்படித் திரும்புகிறது என்று தெரியாது.

வண்டியின் பிரேமுக்கு முன்பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அதுதான் கழுத்து. அதற்குள்ளே ஒரு தண்டு. தண்டோடு சேர்ந்துதான் போர்க்கும் முன்சக்கரமும் ஹேண்டிலும். தண்டு குழாய்க்குள் நேராக உரசக்கூடாது. அதனால் கழுத்தின் மேல் வாயில் ஒரு கப், கீழ் வாயில் ஒரு கப். அவற்றுக்கு எதிர்ஜோடியாகத் தண்டின் அடியில் ஒன்று, மேலே ஒன்று. ஆக நான்கு எஃகு வளையம். நடுவில் குண்டுகள். பட்டறையில் பால்ரஸ் என்பார்கள். புல்லட்டுக்குக் கால் அங்குலக் குண்டு. மேலே 19, கீழே 19. மொத்தம் 38. ஆளும் வண்டியுமாக அத்தனை கனத்தையும் இந்த 38 சின்னக் குண்டுதான் திருப்பிக் கொடுக்கிறது.

சக்கரத்தில் இருக்கிற பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும். கழுத்தில் இருப்பது அப்படி இல்லை. நேர் ரோட்டில் ஹேண்டில் எவ்வளவு திரும்பும்? நூலளவு. ஆகவே குண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பள்ளத்தில் சக்கரம் விழுகிற ஒவ்வொரு தடவையும் அந்த அடி குண்டு வழியாகக் கப்பில் இறங்குகிறது. நாளாக ஆக, ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் ஒரு குழி பறித்துக்கொள்ளும். பிறகு ஹேண்டிலைத் திருப்பினால் குண்டு குழியைவிட்டு ஏற மறுக்கும். நேராக இருக்கிற இடத்தில் 'கடக்' என்று போய் உட்கார்ந்துகொள்ளும். வளைப்பதற்குக் கொஞ்சம் பலம் கொடுத்தால் தேவைக்கு மேலே வளையும். மறுபடி இழுத்தால் மறுபடி குழி. நேராகப் போய்ப் போய், நேராக மட்டுமே போகக் கற்றுக்கொண்ட வண்டி. இதை எங்கே கொண்டுபோய் முடிப்பேன் என்று தோழர்களுக்குத் தெரியும். முடிக்கப் போவதில்லை. எம்.ஏ. வகுப்பில் எதைப் பார்த்தாலும் உள்ளுறை, இறைச்சி என்று தோண்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டறையில் இரும்பை இரும்பாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் அப்பா. எனக்கு இரண்டாவது பாடம்தான் அதிகம் உதவியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. கை நடுக்கம் வேறு. அதனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல, நானும் அக்கா மகனும் செய்தோம். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கினோம். முதலில் ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் பிடித்தது. பிறகு போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். தக் தக் என்றது. ஆட்டமும் இருக்கிறது, குழியும் இருக்கிறது. இறுக்கினால் குழி போகாது, தளர்த்தினால் ஆட்டம் போகாது. மாற்றத்தான் வேண்டும்.

கழற்றுவது பெரிய வேலை. பெட்ரோல் டேங்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஹேண்டில் இடித்து நசுங்கும். பிரேக் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், முன்சக்கரம், மட்கார்டு. பிறகு தலை. புல்லட்டில் ஹெட்லைட் தனியாகத் தொங்குவதில்லை. அலுமினியத்தில் வார்த்த ஒரு கூடு. அதற்குள்ளேதான் ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர், ஆம்பியர் மீட்டர், இரண்டு ஓரத்திலும் பூனைக் கண் மாதிரி இரண்டு சின்ன விளக்கு எல்லாம். போர்க் குழாய்களும் அந்தக் கூட்டுக்குள்ளேதான் மரையேறி நிற்கின்றன. ஒயர்களைக் கழற்றுவதற்கு முன்னால் பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அப்பா சிரித்தார். அவர் காலத்தில் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு கலர் நூல் கட்டுவார்களாம். நட்டுகள் பாதிக்கு மேல் மில்லிமீட்டர் ஸ்பானருக்குச் சிக்காது. இங்கிலாந்துக்காரன் கணக்கு. அப்பாவின் பழைய ஸ்பானர் பெட்டி இல்லாவிட்டால் அங்கேயே நின்றிருப்போம்.

மேல் நட்டைக் கழற்றிக் கூட்டைத் தூக்கும்போது போர்க்கை ஒருவர் கீழே தாங்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் தண்டு சரேலென்று இறங்கும், குண்டுகள் சிதறும். கீழே பழைய வேட்டி விரித்திருந்தோம். "மெதுவா எறக்கு... மெதுவா... ஒண்ணு ஒண்ணா வுழும் பாரு." விழுந்தன. கறுத்த கிரீஸில் குளித்து, துருப்பிடித்த உளுந்து மாதிரி. மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி எண்ணினோம். முழுசாக 36. இரண்டு பிளந்து தூளாகிக் கிடந்தன.

கீழ்க் கப்பைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினேன். வரிசையாகப் பத்தொன்பது குழி. விரல் வைத்தால் தெரிகிற குழி. "போலீஸ்காரன் பறிச்ச குழியா தாத்தா?" என்றான் பையன். ஏலத்தில் எடுத்த அடுத்த வருசமே பழைய செட்டைத் தூக்கிவிட்டு வேறு செட் போட்டாயிற்று என்றார் அப்பா. அப்படியானால் இது முழுக்க எங்கள் குழி. 1997லிருந்து இந்த வண்டி போன கூட்டம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, சுடுகாடு எல்லாம் அந்தக் கப்பில் இருந்தது. எங்கள் காலனி ரோடு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. ஊர்த்தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டுப் பல வருசமாகிறது. காலனிக்கு முழங்கல் ஜல்லி கொட்டினார்கள், அதன்மேல் எதுவும் வரவில்லை.

36 குண்டில் பாதி பார்க்க வேறு மாதிரி இருந்தது. கேட்டதற்கு அப்பா சொன்னார்: அப்போது கையில் காசு இல்லை, பாதிக் குண்டு சைக்கிள் கடையில் வாங்கிப் போட்டது. சைக்கிள் பின்சக்கரத்துக்கும் கால் அங்குலக் குண்டுதான். முன்சக்கரத்துக்குத்தான் சின்னது. அளவு ஒன்று என்பதால் நின்றிருக்கிறது. இருந்தாலும் ஒரு வளையத்துக்குள் பழசும் புதுசும் கலந்து போடக்கூடாது. நூலளவு பெரிய குண்டு மட்டும் கனத்தைத் தாங்கும், மற்றது சும்மா உருளும். அப்பாவுக்கும் இது தெரியும். காசுக்குத் தெரியாது.

சைக்கிள் குண்டு என்றதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. தாத்தாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்து, கோயில் தாண்டுகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். அந்தப் பின்சக்கரத்திலும் இதே கால் அங்குலக் குண்டுதான் உருண்டிருக்கும், மேலே ஆள் இல்லாமல். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். தாத்தா சைக்கிள் வாங்கியது அதற்கு நாற்பது வருசம் கழித்து.

வண்டியும் சாதியும் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் அம்பேத்கரின் சாலிஸ்காவ் அனுபவத்தைச் சொல்வேன். 1929. தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு போட்ட குழுவில் அவர் ஓர் உறுப்பினர். சாலிஸ்காவ் ஸ்டேசனில் இறங்குகிறார். மகர்வாடாவுக்குப் போக வேண்டும். எந்தக் குதிரைவண்டிக்காரனும் ஒரு மகரை உட்கார வைத்து ஓட்ட மாட்டேன் என்கிறான். விருந்தாளியை நடத்தி அழைத்துப் போவது அவருக்கு மரியாதை அல்ல என்று நம் சனங்கள் நினைக்கிறார்கள். கடைசியில் ஒரு சமரசம்: வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஓட்ட வரமாட்டார்கள். நம் ஆட்களில் ஒருவர், வண்டியே ஓட்டியறியாதவர், கடிவாளத்தைப் பிடிக்கிறார். ஆற்றுப்பாலத்தில் கல்லிடுக்கில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்படுகிறார். குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள். அவருக்குக் கால் முறிவு. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பின்னால் வெளியான குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். கூட்டத்தில் சொன்னால் எல்லாரும் வண்டிக்காரனின் சாதித் திமிரைப் பேசுவார்கள். சரிதான். ஆனால் எனக்கு அந்தக் கடிவாளம் பிடித்த ஆள்தான் கண்ணில் நிற்கிறார். மானத்துக்காக, தெரியாத வேலையைக் கையில் எடுத்தவர். வண்டி கிடைத்தால் போதாது, திருப்பத் தெரிய வேண்டும் என்று அப்பா சொன்னதும் இதைத்தான்.

சாமான் வாங்க நான்தான் திண்டிவனம் போனேன். கடைக்காரர், "வீட்டுக்காரர அனுப்பும்மா, சைசு மாறிப் போவும்" என்றார். "நாலு வளையம், கால் இஞ்ச் குண்டு முப்பத்தெட்டு, எழுபத்தொம்பது மாடல்" என்றேன். எடுத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் அக்கா மகன் போன் பண்ணி, "சித்தி, முப்பத்தெட்டு குண்டும் கெடச்சிதா?" என்று கத்தினான். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். நான் பையைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டினேன். சலசலவென்றது. பாவம், அவருக்கு டூட்டி முடிகிற நேரம்போல. ஒன்றும் கேட்கவில்லை.

பழைய கப்பைக் கழுத்திலிருந்து தட்டி எடுப்பதற்கு, எதிர் வாய் வழியாக நீளமான கம்பியை விட்டு, கப்பின் உள்விளிம்பில் வைத்து அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் கோணிக்கொண்டு கழுத்தின் உட்புறத்தையே கீறிவிடும். இந்தப் பக்கம் ஓர் அடி, எதிர்ப்பக்கம் ஓர் அடி. "சுத்தி வா, சுத்தி வா" என்று திண்ணையிலிருந்து குரல். தண்டின் அடியில் இருந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றி உளி வைத்துக் கிளப்பினோம். கழுத்துக்குள்ளே முப்பது வருசத்து அழுக்கு. பனியன் வேஸ்ட் ஒரு கிலோ காலி.

புதுக் கப்பை இறக்குவதற்கு அப்பா ஒரு வழி சொன்னார். சுத்தியல் வேண்டாம், நீளமான மரைக்கம்பி ஒன்று வாங்கு. கம்பியைக் கழுத்துக்குள் விட்டு, மேலும் கீழும் தடித்த வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினால் இரண்டு கப்பும் ஒரே நேரத்தில் நேராக உள்ளே போகும். ஆனால் வாஷர் நேரடியாகப் புதுக் கப்பில் அழுத்தக்கூடாது. நடுவில் அதே அளவில் ஏதாவது வேண்டும். "உள்ள போயி அந்த ஆர்லிக்ஸ் டப்பாவ எடுத்தா" என்றார். அதற்குள் 1997இல் கழற்றிய கப்புகள். ஸ்டேசனிலிருந்து எங்கள் தெருவுக்கு ராத்திரியில் வந்து வந்து குழி விழுந்தவை. இருபத்தெட்டு வருசமாக எதற்கு வைத்திருந்தார் என்று கேட்டேன். "இரும்ப எவனாவது தூக்கிப் போடுவானா?" என்றார். புறநானூற்றில் உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் உதிரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிற செய்தி வரும். அதைப் பாடமாக நடத்திய பேராசிரியருக்கு அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். அந்தப் போலீஸ் கப்பை மேலே வைத்துத்தான் புதுக் கப்பை இறக்கினோம். கடைசி அரைச் சுற்றில் நட்டு கனமாகி, 'ணங்' என்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது.

குண்டு வைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. கீழ்வரிசை தண்டின் அடியில் இருக்கிற வளையத்தின் மேல், மேல்வரிசை கழுத்தின் மேல் கப்பில். இரண்டும் வானம் பார்த்திருக்கும். கெட்டியாகக் கிரீஸ் அப்பி அதில் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். கிரீஸ்தான் பிடித்துக்கொள்ளும், வேறு எந்த ஆதாரமும் கிடையாது. பத்தொன்பது வைத்தபிறகு இன்னும் ஒன்றுக்கு இடம் இருப்பது போலத் தெரியும். பையன், "இன்னொண்ணு வெக்கலாமே சித்தி" என்றான். வைக்கக்கூடாது. நெருக்கி அடைத்தால் குண்டோடு குண்டு உரசி எதுவும் உருளாது. அந்த ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும்.

அதுவரைக்கும் கதவு பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருந்த அக்கா, என்ன நினைத்தாளோ, வந்து உட்கார்ந்தாள். எவர்சில்வர் தட்டில் குண்டுகளைக் கொட்டி அரிசியில் கல் பார்க்கிற மாதிரி விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். "பத்தொம்பது. எடுத்துக்க. இது பத்தொம்பது." ஒரு குண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். "இம்மாஞ் சின்னதா?" என்றாள். பிறகு யாரைப் பார்த்தும் இல்லாமல், "அந்த சிவகங்கைப் புள்ளைக்கு வெரல் மடக்க வருதோ என்னமோ" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும் உள்ளேயிருந்து, அந்தத் தட்டை இனி யாரும் சோறு தின்ன எடுக்காதீர்கள் என்று கத்தியது.

போர்க்கை மேலே தூக்கும்போதுதான் மூச்சைப் பிடிக்க வேண்டும். தண்டு நேராக ஏற வேண்டும். கழுத்தில் இடித்தால் குண்டு உதிரும். பையன் தூக்கினான், நான் மேலே வாங்கினேன். அப்பா திண்ணையைவிட்டு எழுந்து வந்து மேல் நட்டை மட்டும் தானே போட்டார். கை நடுங்குகிறதுதான். மரையில் நட்டு பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. நான் பார்த்தேன்.

இறுக்குவதற்கு அளவு என்று ஒரு மீட்டர் கிடையாது. முதலில் நன்றாக இறுக்கி ஹேண்டிலை நாலு தடவை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும், குண்டுகள் இடத்தில் உட்காரும். பிறகு தளர்த்த வேண்டும். பிறகு ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். போர்க்கைப் பிடித்துத் தள்ளினால் அசையக்கூடாது. அதே சமயம் ஹேண்டிலை நடுவில் வைத்து லேசாகத் தட்டினால் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும். எல்லாம் ஆன பிறகு கூட்டின் கிளிப் போல்ட்டை இறுக்கி, மறுபடி பார்க்க வேண்டும், போல்ட் இறுக்கும்போது அளவு மாறும். தளர்வாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று இடிக்கும். பலர் அதற்குப் பயந்து அதிகமாக இறுக்கிவிடுகிறார்கள். அதுவும் ஆபத்து. மெதுவாகப் போகும்போது வண்டி குடிகாரன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். சக்கரம் தன்னைத் தானே சரி செய்துகொள்ள விடாமல் கழுத்தைப் பிடித்திருக்கிறோம் அல்லவா.

"மெதுவா ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார் அப்பா. மெதுவாக ஓட்ட நல்ல ரோடு வேண்டும். காலனி ஜல்லியில் எந்த வண்டியும் ஆடும், அதில் கோன்செட் குற்றம் எது, ரோட்டுக் குற்றம் எது என்று எப்படிப் பிரிப்பது? நல்ல ரோடு எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று. ஊர்த்தெரு.

எங்களுக்கு மெயின் ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஏரிக்கரை சுற்றிப் போவது ஒன்று. கோயில் வழியாக ஊர்த்தெருவில் போவது ஒன்று. இப்போது யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. சொன்னால் கேஸ் ஆகும் என்று தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் ஊர்த்தெருவில் வேகமாகப் போய்விடுவார்கள். நின்று பேச்சு வாங்க வேண்டாம் என்றுதான். அந்த வேகத்தையே பிறகு, 'காலனிப் பசங்க பறக்கறானுங்க' என்று குற்றமாகச் சொல்வார்கள். நானும் பையனும் போனோம். நான் ஓட்ட, அவன் பின்னால். நடக்கிற வேகம்தான். கோயில் மேடையில் எட்டுப் பத்துப் பேர். ஒருவர் வண்டியைப் பார்த்தார். ஒருவர் என்னைப் பார்த்தார். ஒருவர் பையனின் கையைப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது, அது என் மனசாகவும் இருக்கலாம். "இன்னாம்மா, ரிப்பேரா?" என்று வயசானவர் ஒருவர் கேட்டார். "ரிப்பேர் ஆயிட்டுதுங்க, சோதிச்சிப் பாக்கறோம்" என்றேன். வேகத்தடை இரண்டு. இடி இல்லை. ஆனால் லேசாக அலைந்தது. முனையில் திரும்பி அதே தெருவில் அதே வேகத்தில் மறுபடி வந்தோம். சந்தேகமே இல்லை, கொஞ்சம் இறுக்கம்.

வீட்டில் கால் திருகு தளர்த்தினோம். அடுத்த முறை பையன் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்தேன். அதே தெரு, போக ஒரு தடவை, வர ஒரு தடவை. இந்தத் தடவை நூல் பிடித்த மாதிரி வந்தது. அக்கா வாசலில் நின்றிருந்தாள். வண்டி நின்றதும் மகனைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்: "வளையுதா?"

"வளையுது."

விற்கிற பேச்சு இன்னும் முடியவில்லை. சென்னைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அக்கா அவருக்கு முடியாது என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பையன் கல்லூரிக்கு அதில்தான் போகிறான். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஊர்த்தெரு வழியாக, அதற்கு மேல் மெயின் ரோடு. சாயங்காலம் சத்தம் ஏரிக்கரையில் கேட்கிற வரைக்கும் அக்கா அடுப்பு பற்ற வைப்பதில்லை.

புதுக் கப்புகள் உட்கார உட்காரக் கொஞ்சம் ஆட்டம் வரும். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்பைத் தளர்த்தி மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். இன்று காலை மீட்டரைப் பார்த்தேன், நூற்று நாற்பது ஓடியிருக்கிறது.